ஆரியா, ஹபேஸ்: யார் வீட்டுச் சொல்?

துறைமுகத்தில் நான் சிக்னல்காரன். கப்பலின் அடித்தளத்தில் சரக்கு இறங்குவது, அதைத் தூக்கி இறக்கும் வின்ச் எந்திரத்தை ஓட்டுபவருக்குத் தெரியாது. மேலே நின்று எட்டிப் பார்த்து நான்தான் குரல் கொடுக்க வேண்டும். இறக்குவதற்கு ‘ஆரியா’, தூக்குவதற்கு ‘ஹபேஸ்’. இரண்டும் இங்கிலீஷ் என்றே நாங்கள் நம்பியிருந்தோம். அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

புதிதாக வந்த துரை அந்தப் பெருமையில் மண்ணைப் போட்டார். அவர் உத்தரவை மேஸ்திரி வந்து சொன்னார்.

“இனிமே இங்கிலீஷ்லதான் சத்தம் குடுக்கணுமாம். ஹாய்ஸ்ட்னா தூக்கு, லோயர்னா இறக்கு. பழைய வார்த்தைக்கு வின்ச்சை அசைச்சா அன்னிக்கே சீட்டு கிழிஞ்சிடுமாம்.”

வின்ச் ஓட்டும் காதர் பாய் தலையைச் சொறிந்தார். “இன்னா மேஸ்திரி பேஜாரு இது! அப்போ இத்தினி நாளா நாம பேசிகினு இருந்தது இன்னா பாஷை?”

மேஸ்திரி இரண்டு புது வார்த்தையையும் எங்களைச் சொல்லிப் பழக வைத்தார். எனக்கும் காதர் பாயின் சந்தேகம்தான்.

அன்றைக்கு இரும்புக் கம்பிக் கட்டு இறங்கிக்கொண்டிருந்தது. துரையும் மேல்தளத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “லோயர், லோயர்” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பாதியில் கட்டு ஒரு பக்கமாகச் சரிந்தது. நேர் கீழே சரக்கு அடுக்கும் வியாசர்பாடி பொன்னன், மூட்டைகளுக்கு நடுவே நகர வழியில்லாமல் நின்றான். உடனே தூக்கியாக வேண்டும். காலையில் படித்த வார்த்தை எங்கே போய்த் தொலைந்ததோ, வாயில் வரவில்லை.

“ஹபேஸ்!” என்று அலறினேன்.

காதர் பாயின் கை லிவரில் இருந்தது, கண் துரைமேல் இருந்தது. வேலை போய்விடும் என்ற பயம். கட்டு இறங்கிக்கொண்டே இருந்தது.

“ஹபேஸ்! ஹபேஸ்!”

இந்த முறை கத்தியது துரை. காதர் பாய் லிவரை இழுத்தார். பொன்னன் தலைக்குமேல் கம்பிகள் ஆடி நின்று, மேலே ஏறின.

பொன்னன் வெளியே வந்ததும், அந்தச் சொல் எப்படித் தெரியும் என்று மேஸ்திரி துரையிடம் மெதுவாகக் கேட்டார். ‘ரங்கூன் துறைமுகத்தில் கற்ற சொல், உங்கள் பாஷை என்றுதான் நினைத்தேன்’ என்றாராம் துரை. பிறகு கப்பலில் இருந்த கோவா சமையல்காரர் ஒருவர், ஆரியா போர்ச்சுகீஸ் மாலுமிகளின் சொல் என்றார். ஹபேஸ் யாருடையது என்று அவருக்கும் தெரியவில்லை. நாம் தமிழ் என்று நினைக்கிற மேசையும் சாவியும் போர்ச்சுகீஸாம். துரை இங்கிலீஷ் என்று சொல்லும் ‘கேட்டமரான்’ படகோ நம் காசிமேட்டு மீனவர்களின் கட்டுமரம். எனக்கு அந்தக் குழப்பம் இன்றும் தீரவில்லை.

பொன்னனுக்கு மட்டும் எந்தக் குழப்பமும் இல்லை. “எவன் பாஷையா இருந்தா இன்னா நைனா? நான் உசிரோட கீறேன் இல்ல?”

வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். புது வார்த்தையைத் தரையில் நின்று பழகிக்கொள்ளுங்கள். கீழே ஆள் நிற்கும்போது வேண்டாம்.