மத்தியானக் குளிப்பு

இன்று மழையில் நனைந்த பனையோலை வாசனை வந்ததும், கடலோர ஊரான அக்காள்மடத்தில், வீட்டுக் கொல்லையில் நாலு கம்பு நட்டு ஓலை கட்டிய எங்கள் குளிமறைப்பு நினைவுக்கு வந்தது. சோப்பு நுரைக்காத உப்புத்தண்ணீரைப் பானையில் நிறைத்து, பெண்கள் விடியுமுன்பே குளித்துவிட வேண்டும். கருவாடு காயப்போட்டு உடம்பெல்லாம் செதிலோடு திரும்பும் அம்மா மட்டும் உச்சிவெயிலில்தான் குளிப்பாள்.

"ஆம்பளைக நடமாடுற நேரத்துல என்ன குளிப்பு?" என்று பெரியப்பா ஒருநாள், அம்மா குளிக்கப் போகையில், மறைப்பின் ஓலையைப் பிய்த்து எறிந்தார்.

"வேர்க்குறது மத்தியானம், குளிக்கிறது மட்டும் விடியக்காலமா?" என்ற அம்மா, அவர் கண்முன்னாலேயே கம்புகளைச் சுற்றிப் பழஞ்சேலையைக் கட்டினாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். அம்மா நிதானமாகக் குளித்தாள்; தண்ணீர் விழும் சத்தம் தெருவரைக்கும் கேட்டது.

மறுநாள் உச்சிவேளையில் பக்கத்து வீட்டுப் பெண்கள் குடமும் மாற்றுச்சேலையுமாக வந்து நின்றார்கள்.

"அக்கா, நாங்களும் இங்கனயே குளிச்சுக்கிறோம்."