ஊசி பிடித்த ஜுரம்

எங்கள் வீட்டில் ஒரு நம்பிக்கை உண்டு. குழந்தைக்குத் தடுப்பூசி போட்டால் ஜுரம் அடிக்க வேண்டும். அடித்தால் ஊசி பிடித்துவிட்டது. அடிக்காவிட்டால் மருந்து உடம்பில் ஏறவில்லை, குழந்தை அழுததுதான் மிச்சம். மந்தைவெளியில் எங்கள் தெருவில் பாதிப் பேர் இப்படித்தான் பேசுவார்கள். என் அக்கா இதில் எல்லோரையும்விடப் பிடிவாதக்காரி. அவள் இடது தோளில், பிறந்தபோது போட்ட ஊசியின் தழும்பு ரூபாய்க் காசு அகலத்துக்கு இருக்கிறது. எனக்கும் அதே ஊசிதான் போட்டார்களாம், ஆனால் தோளில் ஒன்றும் தெரியாது. "உனுக்கு எதுவும் புடிக்காதுடி, அந்த மாதிரி ஒடம்பு" என்று சின்ன வயதிலிருந்து கிண்டல் செய்வாள். நானும் போடி என்று விட்டுவிடுவேன், எனக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறக்கும் வரை.

என் வீட்டுக்காரர் கானாவில் ஒரு சிமெண்ட் ஆலையில் ஃபிட்டர். கல்யாணமாகி நானும் அங்கே போனேன். பிள்ளைகள் அங்கேதான் பிறந்தார்கள், பெண் ஒன்று, பையன் ஒன்று. நம் ஊரில் சளி பிடிக்கிற மாதிரி அங்கே மலேரியா. ஆனால் சளி குழந்தையைக் கொண்டுபோகாது. எதிர்வீட்டுக் குழந்தையை மலேரியா கொண்டுபோனதை நான் கண்ணால் பார்த்தேன். முதல் நாள் எங்கள் வாசலில் என் துடைப்பத்தை இழுத்துக்கொண்டு ஓடிய குழந்தை. அதன் அம்மா அதை மடியில் போட்டுக்கொண்டு, அது உதறி உதறிப் போட்டபோது, போர்வை கேட்டு என் வீட்டுக்குத்தான் ஆள் அனுப்பினாள். அதற்கப்புறம் ஒரு கொசு காதோரம் போனால்கூட எழுந்து விளக்கைப் போட்டுத் தேடுவேன்.

அதனால் அங்கே குழந்தைகளுக்கு மலேரியா தடுப்பூசி போடுகிறார்கள் என்றதும், இடுப்புக்கு ஒன்றாக இரண்டையும் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஒவ்வொரு தவணைக்கும் பெண்ணுக்கு ஜுரம் அடித்தது. அவள் கத்துவாள், நான் உள்ளுக்குள் சந்தோஷப்படுவேன். பையன் ஊசி போட்ட கையாலேயே சோறு வாங்கித் தின்றான். ஒரே வயிறு, ஒரே நர்ஸ், ஒரே மருந்து, இவனுக்கு மட்டும் என்ன கேடு? நர்ஸிடம் கேட்டேன். ஜுரம் வந்தாலும் வராவிட்டாலும் அதற்கு ஒரு அர்த்தமும் இல்லை, கொசுவலையை மட்டும் எடுத்துவிடாதே என்றாள். வலையை நான் எடுக்கவில்லை. ஆனால் ஜுர விஷயத்தில் படித்த நர்ஸை விட்டுவிட்டு போனில் அக்கா சொன்னதைத்தான் நம்பினேன்.

ஒன்றரை வயதில் கடைசித் தவணை. அது போட்ட சில நாளில் விமானம் ஏறி, பிள்ளைகளோடு மந்தைவெளிக்கு வந்தேன். வந்ததும் வழக்கம்போல அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடி, மூக்கு யாருது, காது யாருது என்று பங்கு பிரித்தார்கள். பெண் அப்பனை உரிச்சு வெச்சிருக்கா, பையன் அச்சு அசல் நீதான் என்றார்கள். வேறு எவளாக இருந்தாலும் பூரித்துப்போயிருப்பாள். எனக்குச் சுருக்கென்றது. அக்கா வேறு அவன் சட்டையைக் கழற்றித் தோளைத் தடவிப் பார்த்தாள். பெண்ணின் தோளில், பிறந்தபோது போட்ட ஊசியின் தழும்பு இருந்தது. அவன் தோள் என் தோள் மாதிரியே மழமழவென்று இருந்தது. அக்கா ஒன்றும் சொல்லாமல் சட்டையை மறுபடி போட்டுவிட்டாள். அவள் சொல்லாமல் விட்டதுதான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது.

மறுநாள் பையனுக்கு உடம்பு சுட்டது.

அக்கா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். முகமெல்லாம் பல்.

"பாத்தியா, இப்பதான்டி ஊசி புடிச்சிக்கீது. நீ இன்னாத்துக்கு பயந்துக்கினு கெடந்த?"

எனக்கும் அழுகை வந்தது, ஆனந்த அழுகை. வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, பையனுக்குப் பிடித்துவிட்டது என்று சொன்னேன். ஜுர மருந்து கொடுத்ததில் ஜுரம் இறங்கியது. அடுத்த நாள் அக்கா மார்க்கெட்டுக்குப் போய், எங்கள் வீட்டில் தீபாவளிக்குக்கூட வாங்காத வஞ்சிர மீன் வாங்கி வந்தாள். துண்டுகளில் மசாலா தடவி, முதல் துண்டைக் கல்லில் போட்ட நேரம். பாயில் படுத்திருந்த பையன் உதற ஆரம்பித்தான். குளிர்கிறதோ என்று மின்விசிறியை நிறுத்தினேன். உதறல் நிற்கவில்லை. உதடு நீலம் பாரித்து, பல் தந்தியடித்தது. அழவும் இல்லை. கண் என்னைப் பார்த்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. அந்த உதறலை எனக்குத் தெரியும். அதற்குத்தான் கானாவில் நான் போர்வை கொடுத்தனுப்பியிருந்தேன்.

"அக்கா, இது ஊசி ஜுரம் இல்ல" என்றேன்.

தெருமுனையில் ஆட்டோ பிடித்தோம். எதற்கெடுத்தாலும் பேரம் பேசியே பழகிய அக்கா, அந்த நேரத்திலும் டிரைவரிடம் ராயப்பேட்டைக்கு இவ்வளவா என்று ஆரம்பித்தாள். நான் போட்ட சத்தத்தில் அந்த ஆளே பயந்து வண்டியைக் கிளப்பிவிட்டான்.

ராயப்பேட்டைப் பக்கத்து ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரு இளவயது டாக்டரம்மா. கானாவிலிருந்து வந்திருக்கிறோம் என்று நான் சொன்ன மறுகணம் பையனின் விரலில் குத்தி ரத்தம் எடுத்து அனுப்பினார். மலேரியாவேதான், அதிலும் மூளைக்கு ஏறுகிற வகை என்று பதில் வந்தது. உடனே படுக்கையில் போட்டு நரம்பில் மருந்து ஏற்றினார்கள். நான் சும்மா இருக்கவில்லை. எல்லாத் தவணையும் போட்டிருக்கிறேன், ஒன்றுகூட விடவில்லை, அப்புறம் எப்படி வரும் என்று அந்த அம்மாளிடம் சண்டைக்கே போனேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"ஊசி எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா. அத வாங்கிக்கிற உடம்பு ஒண்ணு இல்லையே. அப்பா அம்மாகிட்டேர்ந்து எந்தப் பிள்ளைக்கு எது வந்திருக்கோ, அதப் பொறுத்து ஒருத்தருக்குக் கூடப் பலன், ஒருத்தருக்குக் கம்மி. ரெட்டப் பிள்ளைங்களுக்குள்ளயும் அப்படித்தான்."

ரத்தத்தில் காவல் காக்கும் அணுக்கள் இருக்கின்றனவாம். திருடனின் போட்டோவைக் காவல்காரருக்குக் காட்டுகிற மாதிரி, ஊசி மருந்தின் ஒரு துண்டை அவற்றுக்கு எடுத்துக் காட்டுகிற கை ஒவ்வொரு உடம்பிலும் வேறு மாதிரியாம். சில கை தெளிவாகக் காட்டும், சில கை மங்கலாகக் காட்டும். அந்தக் கை பரம்பரையாக வருவது. நன்றாகப் பிடித்த உடம்பிலும் நோய் அறவே வராது என்று சொல்ல முடியாது, யாருக்கு எவ்வளவு என்று இன்னும் ஆராய்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள் என்றார். நான் என் தோளைத் தொட்டுக்கொண்டேன். அவன் அச்சு அசல் நான்.

பிறகுதான் கேட்டேன், பெண்ணுக்கு ஒன்றும் வராது இல்லையா, அவளுக்குத்தான் ஒவ்வொரு தடவையும் ஜுரம் அடித்ததே என்று.

"ஜுரத்த வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதும்மா. தழும்ப வெச்சும் சொல்ல முடியாது."

அதுவரை எனக்குப் பயப்பட ஒரு பிள்ளைதான் இருந்தது. அந்த வாக்கியத்தோடு இரண்டாகிவிட்டது.

அக்கா பையனின் கட்டிலருகே பெண்ணை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டில் வஞ்சிரம் அடுப்பு மேலேயே நாறியிருக்கும். பையன் கண்ணைத் திறக்கிறானா என்று பார்ப்பதும், பெண்ணின் கழுத்தில் கை வைத்துப் பார்ப்பதுமாக எனக்குப் பொழுது போனது. எந்தச் சாமியையும் நான் விட்டுவைக்கவில்லை. ஒரு காலையில் பையன் தண்ணி என்றான். அக்கா அப்போதுதான் அழுதாள். ஊசி கொஞ்சமாவது பிடித்ததால்தான் பிழைத்தான் என்றாள். டாக்டரம்மாவிடம் கேட்டேன். இருக்கலாம், ஆனால் அதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்.

பையனை வீட்டுக்குக் கூட்டி வந்தோம். எலும்பும் தோலுமாக இருந்தாலும் துடைப்பத்தை இழுக்க ஆரம்பித்துவிட்டான். வீட்டுக்காரர் போனில், கானாவுக்குத் திரும்பும் டிக்கெட்டைப் பற்றிக் கேட்டார். அப்புறம் பேசலாம் என்று வைத்துவிட்டேன். அன்று மத்தியானம் பெண் வந்து என் மேல் சாய்ந்தாள். என் புடவையைத் தாண்டி அவள் நெற்றி சுட்டது.

அக்காவைக் கூப்பிட்டேன். அவள் கை வைத்துப் பார்த்தாள். பழக்கதோஷத்தில் ஏதோ சொல்ல வாயெடுத்தவள், சொல்லாமல் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு இறங்கினாள். தெருமுனையில் அதே ஆட்டோ ஸ்டாண்டு. டிரைவர் வாய்க்கு வந்த தொகையைக் கேட்டான். அக்கா பேரம் பேசவில்லை. பையனை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, சரி நைனா, போ என்று ஏறி உட்கார்ந்தாள்.