பிரணவியின் தலையணையில் உரமூட்டை

ரதிதேவிக்குக் கோபமே வராது என்று அவள் புருசன் சுலக்ஷன் பெருமையடித்துக்கொண்டு திரிந்தான். வந்த கோபத்தையெல்லாம் அவள் ஈஸ்ட் டாமாக்கிப் பகுதித் தொழிற்சாலையில் பெட்டிகளுக்கு டேப் ஒட்டும்போதே விழுங்கிவிட்டு வருகிறாள் என்பது அந்த மனிதனுக்கு எங்கே தெரியப்போகிறது?

அவர்கள் இருந்தது தகனினி என்ற புறநகரைத் தாண்டி, ஆனந்தராசாவின் காணியில். பழம் பொதி செய்த பழைய கொட்டகைக்குள் ஒரு குளியலறையை வைத்து, அதற்கு வீடு என்று பெயர் சூட்டி வாடகைக்கு விட்டிருந்தார். கொட்டகைக்கு மேலே, கூப்பிடு தூரத்தில், முந்தின சொந்தக்காரன் தோட்டத்துக்குத் தண்ணீர் தேக்கிய மண் அணை. அதன் அடியில் எப்போதும் ஈரம் கசியும். ஒரு பெருமழையில் தண்ணீர் விளிம்புவரை ஏறியபோது ரதிதேவி இரண்டு பிள்ளைகளையும் காரில் ஏற்றிக்கொண்டு மேட்டுக்கு ஓடினாள். "சும்மா பயப்பிடாதை தங்கச்சி" என்றார் ஆனந்தராசா, மேட்டில் இருந்த தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டு. மேட்டில் இருப்பவருக்குத் தைரியத்துக்கு என்ன குறை!

அந்தக் கோபத்தையும் அவள் விழுங்கினாள். ஊரிலிருந்து வந்திறங்கியபோது ஏர்போர்ட்டுக்கு வந்து கூட்டிப்போனவர் அவர். முதல் குளிருக்குப் பிள்ளைகளுக்கு ஜாக்கெட் வாங்கித் தந்தவர். கோயிலில் எல்லோரும் அவரை நல்ல மனிசன் என்பார்கள். அவளும் சொல்லியிருக்கிறாள்.

அந்த நல்ல மனிசன் பள்ளி விடுமுறையில் ஒருநாள் வந்தார்.

"தங்கச்சி, நாளைக்கு அணை பாக்க எஞ்சினியர் வாறா. பிள்ளையளோடை எங்கையாவது போட்டு வாங்கோ. கொடியிலை கிடக்கிற உடுப்பையும் எடுத்திடுங்கோ."

"ஏன் அண்ணை?"

கொஞ்சமும் கூசாமல் சொன்னார். புதுச் சட்டமாம், அணைகளை ஆபத்து வகுப்பாகப் பிரிக்கிறார்களாம். அணை பலமானதா என்பதல்ல கேள்வி, உடைந்தால் கீழே யார் அகப்படுவார் என்பதுதான். "ஒருத்தரும் இல்லையெண்டால் குறைஞ்ச வகுப்பு, அதோடை விட்டிடுவாங்கள். சனம் இருக்கெண்டால் அதைத் திருத்து, இதைச் சோதி எண்டு என்ரை உயிரை எடுப்பாங்கள்."

அவருடைய உயிரையாம்!

"கதைக்காமல் இரு. இதை விட்டால் எங்கை போறது?" என்றான் சுலக்ஷன். அவள் அதையும் விழுங்கினாள். மறுநாள் வேலைக்கு லீவு போட்டாள். காலையில் தோய்த்த உடுப்பைக் காயப்போடாமல் கூடையிலேயே விட்டுவிட்டு, பிள்ளைகளைக் காரில் ஏற்றினாள். சின்னவனின் தண்ணீர்ப் போத்தலை மறந்துவிட்டதால் உள்ளே திரும்பி வந்தாள். மூத்தவள் பிரணவியும் பின்னால் ஓடிவந்தாள்.

உள்ளே ஆனந்தராசா மூச்சு வாங்க மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். பிரணவியின் கட்டிலில், அவள் தலை வைக்கும் இடத்தில், ஓர் உரமூட்டை.

"அம்மா, தட்ஸ் மை பெட்" என்றாள் பிள்ளை.

"கொட்டகை மாதிரித் தெரியவேணுமெல்லே" என்று சிரித்தார் ஆனந்தராசா. வெளியே வாகனச் சத்தம் கேட்டதும் எஞ்சினியரை வரவேற்க ஓடினார்.

ரதிதேவி அத்தனை வருசம் விழுங்கியதெல்லாம் ஒரேயடியாகத் தொண்டைக்கு ஏறியது. மூட்டையைப் பிடித்து இழுத்து நிலத்தில் போட்டாள். கூடையைத் தூக்கிக்கொண்டு கொடிக்குப் போனாள். பிரணவியின் பள்ளிச் சட்டை, சின்னவனின் பைஜாமா, புருசனின் வேலை உடுப்பு, ஒவ்வொன்றாக உதறி உதறிப் போட்டாள்.

அணையைப் பார்த்துவிட்டு இறங்கிய எஞ்சினியர் கொடியைப் பார்த்து நின்றாள். "சுத்தம் செய்ய வந்தவள்" என்று ஆங்கிலத்தில் முந்திக்கொண்டார் ஆனந்தராசா.

"இல்லை" என்று ரதிதேவியும் ஆங்கிலத்திலேயே சொன்னாள். "நாங்கள் இங்கேதான் இருக்கிறோம். நாலு பேர். உள்ளே வந்து கட்டில்களைப் பாருங்கள்."

எஞ்சினியர் உள்ளே போனாள். ஆனந்தராசாவின் முகம் கறுத்தது.

"ஏர்போர்ட்டிலையிருந்து கூட்டி வந்தவனுக்கு நீ செய்யிற கைம்மாறோ இது? இண்டைக்கே வெளிக்கிடுங்கோ! இனி எங்கை போய்ப் படுப்பியள் எண்டு பாப்பம்."

"எங்கை படுத்தாலும் அண்ணை, இங்கை ஆள் இருக்கெண்டு சொல்லிப்போட்டுத்தான் படுப்பம்" என்றாள் ரதிதேவி. மிச்ச உடுப்பையும் கொடியில் போட்டாள்.