வெறும் அறையின் மூச்சு

1971 ஜூலை 5: தற்காலிக வேலை, நாளுக்கு 6.
1974 பிப்ரவரி 1: நிரந்தரம், மாதம் 210.
1979 மே 21: கல்யாண விடுப்பு, சம்பளப் பிடித்தம் 63.
1988 நவம்பர் 9: கணவர் காலமானதற்கு அலுவலக உதவி, 4,000.
1996 ஜனவரி 3: புதன்கிழமை நிகழ்ச்சிக்கு மாற்றம், மாதம் 3,150.
1998 செப்டம்பர் 14: காது பரிசோதனை, 75.

கடைசித் தொகை அலுவலகக் கணக்கில் இல்லை. கத்தரியக்கா தன் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தது. அலுவலக மருத்துவரிடம் போயிருந்தால் காசு செலவில்லை. ஆனால் வானொலி நிலையத்தில் நாடா வெட்டி ஒட்டுகிறவர் காது டாக்டரைப் பார்த்தார் என்பது, சமையல்காரருக்கு நாக்கு மரத்துப் போயிற்று என்பது மாதிரியான செய்தி. மதியத்துக்குள் மூன்று மாடியும் சுற்றி வந்துவிடும்.

கத்தரி என்று பெயர் வந்ததே தவிர, அக்கா கத்தரியைத் தொட்டதில்லை. சவர பிளேடுதான் அவருக்கு ஆயுதம். புதன்கிழமை மாலை நான்கு மணிக்கு மாநில நடப்புகளைப் பேச நிலையத்துக்கு மூன்று பேர் வருவார்கள். ஆளுங்கட்சிக்காரர் ஒருவர், எதிர்க்கட்சிக்காரர் ஒருவர், விஷயம் தெரிந்தவர் ஒருவர். இந்த மூன்றாமவருக்குத்தான் பேச நேரம் கிடைக்காது. ஏரி ஏன் வற்றியது, மழை ஏன் மாதம் தப்பிக் கொட்டுகிறது, காய்ச்சல் வார்டில் ஒரு கட்டிலுக்கு ஏன் இரண்டு பேர் என்று விவாதம் நடக்கும். நேயர்கள் தொலைபேசியில் கேள்வி கேட்பார்கள். எல்லாம் நாடாவில் பதிவாகும். மறுநாள் அக்கா உட்கார்ந்து இருமல், செருமல், வசவு, ‘வந்து வந்து’ அத்தனையையும் நறுக்கி எறிந்து, வெள்ளிக்கிழமை ஒலிபரப்புக்கு அரை மணி நேரமாக்கித் தருவார். ஒரு முன்னாள் அமைச்சரின் ‘வந்து’களை மட்டும் பொறுக்கி ஒட்டி, நெறியாளரின் பிறந்த நாளுக்கு ஓடவிட்டதாக ஒரு பேச்சு உண்டு. அக்கா அதை ஒப்புக்கொண்டதுமில்லை, மறுத்ததுமில்லை.

வெட்டிய இடத்தில் அப்படியே ஒட்டினால் கேட்பவர் காதில் பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தை நிரப்ப மௌனம் வேண்டும், அதுவும் அதே அறையின் மௌனம். சுவர், விரிப்பு, காற்றாடி, வெளியே போகும் வண்டி எல்லாம் சேர்ந்து ஒவ்வோர் அறைக்கும் ஒரு மௌனம் உண்டு. ஒன்றை எடுத்து இன்னொன்றில் ஒட்டினால் வேட்டியில் வேறு துணி ஒட்டுப்போட்டது போல் தெரியும். ஆகவே, விருந்தாளிகள் வருமுன் வெறும் அறையை ஒரு நிமிடம் பதிவு செய்து வைப்பது அக்காவின் பழக்கம். நாற்காலிகளை இழுத்துப் போட்டுவிட்டு, சத்தமே வராமல் சாத்திக்கொள்ளும் அந்தப் பஞ்சு வைத்த கதவு வழியாக வெளியே வந்து, கண்ணாடிக்கு இப்பால் உட்கார்ந்து நாடாவை ஓடவிடுவார்.

ஆகஸ்டு மாதத்தில் ஒரு புதன்கிழமை அந்த ஒரு நிமிடத்துக்குள் யாரோ மூச்சு விட்டார்கள்.

உள்ளே இழுக்கும்போது ஈரத் துணி கிழிவது போன்ற மெல்லிய ஓசை. வெளியே விடும்போது நீளமாகப் போய், முடிகிற இடத்தில் எதிலோ சிக்கிக்கொண்டது. அப்புறம் ஒன்றுமில்லை. இனி வராது என்று நினைக்கிற நேரத்தில் அடுத்த மூச்சு வந்தது. அக்கா நாடாவைக் கேட்கத் தலையில் மாட்டியிருந்த காதுக்கருவியைக் கழற்றாமலே, வயரை இழுத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தார். மூன்று நாற்காலிகள், தண்ணீர்க் கூஜா, கவிழ்த்து வைத்த கண்ணாடி டம்ளர்கள், மேசைமேல் ஒலிவாங்கி. ஆள் இல்லை. காதுக்கருவிக்குள் மூச்சு மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. கழற்றினார். அறை ஊமையாக இருந்தது. மறுபடி மாட்டினார். இருந்தது.

அடுத்த வாரமும் இருந்தது. அதற்கடுத்த வாரமும்.

நாடா இயந்திரத்தைத் துடைத்தார், ஒலிவாங்கியை மாற்றினார். பிறகுதான் காது டாக்டர். கொசு ஏப்பம் விட்டாலும் உங்களுக்குக் கேட்கும், போய் வேலையைப் பாருங்கள் என்று அவர் அனுப்பிவிட்டார். கல்லூரியில் படிக்கும் மகளிடம் அக்கா விஷயத்தைச் சொன்னார். மகள் தட்டிலிருந்து தலை தூக்கவில்லை.

“பேயா இருக்கும்மா. அரசியல் பேச வந்திருக்கு. உயிரோட இருந்தப்ப உள்ள விட்டிருக்க மாட்டாங்க.”

அக்கா சிரித்தார். ஆனால் அன்றிலிருந்து நாற்காலி போடும்போது மூன்றாவது நாற்காலிக்கு முதுகு காட்டுவதைத் தவிர்த்தார்.

அக்டோபரில் புகையும் தூசும் பற்றிய விவாதத்துக்கு நுரையீரல் டாக்டரம்மா ஒருவர் மூன்றாமவராக வந்தார். வழக்கம்போல் அவருக்குப் பேச நான்கு நிமிடம்தான் கிடைத்தது. முடிந்ததும் அக்கா அவரை வெட்டுமேசைக்கு அழைத்து, காதுக்கருவியை நீட்டினார். டாக்டரம்மா நின்றபடியே மாட்டினார். கொஞ்ச நேரத்தில் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். இன்னொரு தடவை போடச் சொன்னார். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி கேட்டார்.

“யாரும்மா இவர்?”

“யாரும் இல்லீங்க டாக்டர். வெறும் ரூம்.”

“வெறும் ரூமுக்கு நுரையீரல் கிடையாதும்மா. இவர் யாரா இருந்தாலும் உடனே எங்கிட்ட வரணும். இந்த மாசத்துக்குள்ள வந்தா ஏதாவது செய்யலாம். விட்டுட்டா, அப்புறம் நீங்க இந்த நாடாவைத்தான் வெச்சிருப்பீங்க.”

அதுவரை அக்காவுக்கு இருந்தது தன் காதைப் பற்றிய பயம். இப்போது அது ஒரு மனிதனைப் பற்றியதாகிவிட்டது. எங்கேயோ ஒருவர் செத்துக்கொண்டிருக்கிறார். அது அவருக்கே தெரியுமோ தெரியாதோ. தெரிந்தது அக்காவுக்கு மட்டும், அதுவும் ஆள் இல்லாமல் மூச்சாக.

நெறியாளர் வயதில் சின்னவர், அக்காவிடம் மரியாதை உள்ளவர். கட்டடத்தில் உள்ள அத்தனை பேரையும் ஒவ்வொருவராக ஒலிவாங்கி முன் உட்கார வைத்து மூச்சு விடச் சொல்லலாம் என்று யோசனை சொன்னவர் அவர்தான். வாசல் காவலாளி முதல் நிலைய இயக்குநர் வரை வந்து மூச்சு விட்டார்கள். இயக்குநர் தொப்பையை உள்ளிழுத்துக்கொண்டு விட்டதால் இரண்டு தடவை பதிவு செய்ய வேண்டியிருந்தது. எதுவும் அந்த மூச்சு இல்லை.

அந்த வாரம் நேயர் அழைப்புகளை எடுக்கும் தொலைபேசிப் பெண் காய்ச்சலென்று விடுப்பு எடுத்தாள். நான்கு மணிவரை யாரும் தொலைபேசி எடுக்கவில்லை. அன்றைய மௌனம் துடைத்து விட்டது போல் இருந்தது. அக்காவுக்குப் பொறி தட்டியது. அவள் வேலைக்குத் திரும்பியதும் போய் விசாரித்தார். முதல் அழைப்பு எப்போதும் ஒருவருடையதுதான் என்றாள் அவள். மூன்றே முக்காலுக்கே வந்துவிடும், ஹலோ என்றால் பதில் இருக்காது, கேள்வியை யோசிக்கிறார் போல என்று, பதிவு அறைச் சத்தம் கேட்கும்படி வரிசையில் போட்டு வைத்துவிடுவாள், நான்கு மணிக்கு அதுவே அறுந்துவிடும். அக்கா பதிவு அறைக்குப் போய் மேசைக்கடியில் குனிந்தார். நேயர் குரல் அறைக்குள் கேட்பதற்காக அங்கே ஒரு சின்ன ஒலிபெருக்கி இருந்தது. அதைக் கூட்டிக் குறைக்கும் திருகு தேய்ந்து, பூஜ்யத்தில் வைத்தாலும் மயிரிழை திறந்தே இருந்தது. மனிதக் காதுக்கு எட்டாத அந்தச் சத்தம் ஒலிவாங்கிக்கு எட்டியிருக்கிறது.

புதன்கிழமை மூன்றே முக்காலுக்கு அழைப்பு வந்தது. தொலைபேசிப் பெண் எழுந்து நிற்க, அக்கா அவள் இடத்தில் உட்கார்ந்தார்.

“ஐயா, வெச்சிடாதீங்க. நான் இங்க வேலை பாக்குறேன். கேள்வி எதுவும் கேக்க வேணாம்.”

மூச்சு நின்றது. பிறகு மறுபடி வந்தது.

“உங்க மூச்சு சரியில்லீங்க. ஒரு டாக்டரம்மா கேட்டாங்க. உடனே வரச் சொல்றாங்க.”

“எம் மூச்சா?” வயதான ஆண் குரல், மாவு அரைத்தது போல் கரகரத்தது. “அது நீங்க இல்லையா?”

அவரே விட்டு விட்டுச் சொன்னார். கல் அரைக்கும் ஆலையில் முப்பது வருடம் வேலை. இப்போது குடியிருக்கும் தெருவுக்குப் பின்னாலேயே ஒரு ஆலை பகலும் இரவும் ஓடுகிறது, அதற்கு அனுமதி உண்டா என்று கேட்கத்தான் முதலில் அழைத்தார். காத்திருக்கும்போது ஒரு பெண் நாற்காலி இழுப்பது கேட்டது, வளையல் சத்தம் கேட்டது, அப்புறம் ஒரு மூச்சு. அந்த மூச்சை அவருக்குத் தெரியும். கூட வேலை செய்த மூன்று பேர் அப்படித்தான் விட்டார்கள். மூன்று பேரையும் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனது இவர்தான். இந்தப் பெண்ணும் அந்த வழியில் போகிறாளே என்று நினைத்ததில் கேட்க வந்த கேள்வி மறந்துபோயிற்று.

“நீங்க இன்னும் இருக்கீங்களான்னு தெரிஞ்சுக்கத்தான் வாராவாரம் போன் போட்டேன் தாயி. நாற்காலி சத்தம் கேட்டா நிம்மதியா இருக்கும். சொல்லிடலாம்னு எத்தனையோ தடவை வாயெடுத்தேன். முகம் தெரியாத பொம்பளகிட்ட இதை எப்படிச் சொல்ல.”

“நாற்காலி போட்டதும் நான் வெளிய வந்துடுவேங்கய்யா. அந்த ரூம்ல யாரும் இருக்க மாட்டாங்க.”

அவர் மூச்சு கம்பி வழியே அறைக்குள் போய், ஒலிவாங்கியில் ஏறி, அவர் காதுக்கே திரும்பி வந்திருக்கிறது. இத்தனை வாரம் அவர் காவல் காத்தது அதைத்தான்.

“அப்ப நாலு பேரு,” என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார்.

பெயரும் தெரியாது, விலாசமும் தெரியாது. தொலைபேசி இலாகாவில் கேட்டதற்கு, அழைத்தவர் வைத்துவிட்டால் வைத்ததுதான் என்றார்கள். வெள்ளிக்கிழமை ஒலிபரப்பின் முடிவில் நெறியாளர் அரை நிமிடம் ஒதுக்கி, வாராவாரம் முதலில் அழைக்கும் பெரியவர் தயவுசெய்து இன்ன மருத்துவமனைக்கு வர வேண்டும், மூச்சு சரியில்லை என்று மட்டும் வேண்டிக்கொண்டார். ஊரே கிளம்பிவிடும் அக்கா என்று முன்பே எச்சரித்திருந்தார். அப்படித்தான் ஆயிற்று. திங்கட்கிழமை டாக்டரம்மாவின் வாசலில் வரிசை தெருவரை நின்றது. ஒருமுறைகூட வானொலிக்கு அழைக்காதவர்கள், வீட்டில் தொலைபேசியே இல்லாதவர்கள், ஒவ்வொருவரும் அது என் மூச்சுதான் என்றார்கள். அவர்களில் இரண்டு பேருக்கு உண்மையிலேயே நோய் இருந்தது. பெரியவர் மட்டும் வரவில்லை.

புதன்கிழமை மூன்றே முக்காலுக்குத் தொலைபேசி ஒலிக்கவில்லை. அக்கா இருபத்தேழு வருடமாக ஆசைப்பட்ட சுத்தமான மௌனம் கிடைத்தது. அதை நாடாவில் ஒட்ட அவருக்குக் கை வரவில்லை. பழைய நாடாவை எடுத்து, பெரியவரின் ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் இருந்த இடங்களை வெட்டி எடுத்து வைத்துக்கொண்டார். அந்தக் குளிர்காலம் முழுவதும் அமைச்சர்களின் வாக்கியங்களுக்கு நடுவே ஒலித்தது அதுதான்.

நவம்பர் கடைசியில் ஓர் அஞ்சலட்டை வந்தது. ‘வந்துவிட்டேன். கட்டில் பதினேழு. டாக்டரம்மா திட்டுகிறார்கள்.’ பாதி நுரையீரல் கல்லாகிவிட்டது, மீதியை வைத்து ஓட்டலாம், எவ்வளவு நாள் என்று கேட்காதீர்கள் என்றார் டாக்டரம்மா. ஆலையைப் பற்றிய பெரியவரின் கேள்வியை நெறியாளர் அடுத்த வாரமே கேட்டார். கோப்பு பரிசீலனையில் இருக்கிறது என்றார் ஆளுங்கட்சிக்காரர். அனுமதி கொடுத்ததே உங்கள் ஆட்சியில்தான் என்று எதிர்க்கட்சிக்காரரையும் குத்தினார். அந்த வாரம் அக்கா எதையும் வெட்டவில்லை.

அதன் பிறகு பெரியவரும் அக்காவும் மாதம் ஒரு கடிதம் எழுதிக்கொண்டார்கள். அவர் கடிதம் எப்போதும், உங்கள் மூச்சு எப்படி இருக்கிறது என்றுதான் முடியும். ஏப்ரலில் வந்தது வேறு மாதிரி இருந்தது. வார்டு தொலைபேசியிலிருந்து ஒரு புதன்கிழமை பழக்க தோஷத்தில் மூன்றே முக்காலுக்கு அழைத்தாராம். தொலைபேசிப் பெண் வரிசையில் போட்டாளாம். ‘நாற்காலி சத்தம் கேட்டது. அப்புறம் மூச்சும் கேட்டது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் தாயி கேட்டேன். அது நான் இல்லை.’

தேய்ந்த திருகை டிசம்பரிலேயே மாற்றியிருந்தார்கள். அக்கா அந்த வாரத்து நாடாவை எடுத்து மூன்று தடவை கேட்டார். ஒன்றும் இல்லை. அன்று மாலையே டாக்டரம்மாவிடம் போய் நெஞ்சைப் படம் எடுத்துக்கொண்டார். சுத்தமாக இருந்தது. அப்படியே பெரியவருக்கு எழுதிப் போட்டார். மே மாதக் கடிதத்தில் அவர் நம்பியதாகத் தெரியவில்லை. எதற்கும் அந்த அறைக்குத் தனியாகப் போகாதீர்கள் என்று எழுதியிருந்தார். கையெழுத்து கோடு தாண்டி இறங்கியிருந்தது. அக்கா அந்த வாரத்திலிருந்து தொலைபேசிப் பெண்ணை வாசலில் நிறுத்திவிட்டுத்தான் நாற்காலி போட்டார்.

கடைசிக் கடிதம் வேறொருவர் கையெழுத்தில் இருந்தது. வந்த தேதி 1999 ஜூன் 16.