மீட்டர் ஏறாத வண்டி

எஞ்சின் பிரித்துக் கட்டிய வண்டியை வெளியே அனுப்பும்போது எல்லாரிடமும் ஒன்றுதான் சொல்வேன்: ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வா, எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டின் போல்ட்டை மறுபடி இறுக்கவேண்டும். அதற்கடியில் வைத்த புது கேஸ்கட் தகடு சூட்டில் அமுங்கும், போல்ட் தளரும். அப்படியே ஓட்டினால் தண்ணீர் ஆயிலில் கலந்து எஞ்சினே போய்விடும். நன்றாகத் தலையாட்டுவார்கள். பாதிப் பேர் வரமாட்டார்கள்.

வியாசர்பாடிக்காரன் ஒருவன் வரவில்லை. பல வருஷம் அடுத்தவன் டிரெய்லரை ஓட்டிவிட்டு, பழைய வண்டி ஒன்றைச் சொந்தமாக வாங்கியிருந்தான். போன் போட்டால், எண்ணூர் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் வரிசையில் நாலைந்து நாளாக நிற்கிறானாம்.

"மீட்டரு நூறுகூட ஏறல மாமு, அப்பால வரேன்."

பேச்சுக்குப் பின்னால் எஞ்சின் சத்தம் கேட்டது. செல்ஃப் ஸ்டார்ட்டர் மக்கர் பண்ணுகிறது என்று ராவும் பகலும் அணைக்காமலே விட்டிருக்கிறான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டியது நான், போனால் யார் பேர் கெடும்? கருவிகளை பைக்கில் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

வரிசையில் நின்ற அவன் வண்டியில் ஏறியதும் எஞ்சினை அணைத்து, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"இன்னா பண்றே? லைனு நகந்துகினு கீது. சாய்ந்தரம் ஹார்பரு கேட்டு மூடிட்டா கப்பலு போய்டும். சாவிய குடு நைனா!"

"வண்டி நின்னுகினு கீது, இஞ்சினு ஓடிகினு கீதே, அது ஒம் மீட்டருக்குத் தெரியுமா? கம்னு கெட. ஆறாம கை வைக்க முடியாது."

முன்னால் இடம் விழுந்தால் பின்னால் நிற்கிறவர்கள் எல்லாரும் புகுந்துவிடுவார்கள். இவன் கடைசிக்குப் போகவேண்டியதுதான். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் சாவியைத் தரவில்லை.

வரிசை நகர்ந்தது. ஹாரன் காதைக் கிழித்தது. பின்னால் நின்ற டிரெய்லர்காரன் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே வந்து, எங்கள் கேபினுக்குள் எட்டிப் பார்த்தான். எஞ்சின் மூடி திறந்து கிடந்தது.

"ஹெட்டு போட்ட வண்டியா?"

"ஆமா. இன்னும் மறுபடி இறுக்கல," என்றேன்.

திரும்பிப் போனான். அவன் வண்டி உறுமியது. ஏறி முன்னால் போகப்போகிறான் என்று நினைத்து இவன் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

எஞ்சின் ஆறியதும் போல்ட்டுகளை மறைத்திருந்த டேப்பட் மூடியைக் கழற்றி, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஒவ்வொரு போல்ட்டாக இறுக்கினேன். நடுப் போல்ட் தளர்ந்துபோய் நன்றாகவே சுற்றியது. அதைப் பார்த்து இவன் "அய்யோ" என்றான். டேப்பட் இடைவெளியைச் சரிபார்த்து மூடினேன். சாவியைத் திருப்பினதும் வண்டி பிடித்துக்கொண்டது.

முன்னால் ரோடு காலியாகக் கிடந்தது. ஒரு வண்டிகூடப் புகவில்லை. இறங்கிப் பார்த்தேன். பின்னால் நின்றவன் தன் டிரெய்லரைக் குறுக்கே போட்டு, அத்தனை பேரின் வசவையும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"உனுக்கும்தானே கேட்டு மூடிடும், ஏன்பா?" என்றேன்.

"என் சொந்த வண்டி இப்டித்தான் போச்சு. இப்ப ஓட்றது ஓனரு வண்டி," என்று சொல்லிவிட்டு ஸ்டியரிங்கை ஒடித்தான். "அவன எடுக்கச் சொல்லு, லேட்டாவுது."