இரண்டு விரல் இடைவெளி

தச்சருக்கு நான் நாற்பத்திரண்டாயிரம் பாக்கி வைத்திருந்தேன். ஏழு வருடப் பாக்கி. மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டு அரசாங்கத்துக்கே மேசை நாற்காலி கொடுக்கும் அளவுக்கு வளர்ந்தவன் நான். சொல்ல எனக்கென்ன வெட்கம்? ஆனால் இது தச்சர் கதை.

ஆற்றின் இந்தக் கரைக்காரர்களும் அந்தக் கரைக்காரர்களும் முப்பது வருடமாக வெட்டிக்கொண்டார்கள். சாமி வேறு, கொடி வேறு. தச்சரின் வீட்டுக்கும் பட்டறைக்கும் இருந்த ஒரே கூரையைக் கொளுத்தியது எந்தக் கரை என்று இன்னும் விசாரணை நடக்கிறது. அவர் தார்ப்பாய்க்கு அடியில் இழைத்துக்கொண்டிருந்தார்.

அரசாங்கம் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டது. ஒரே மேசையில் உட்காரமாட்டோம் என்றது இந்தக் கரை. தனி மேசை என்றால் வரமாட்டோம் என்றது அந்தக் கரை. அதிகாரிகள் எட்டு மாதம் யோசித்து வழி கண்டார்கள்: இரண்டு மேசை, நடுவில் இரண்டு விரல் இடைவெளி. போட்டோவில் ஒன்று, நேரில் இரண்டு. ஆர்டர் எனக்கு வந்தது. எனக்குத்தானே வரும்! வேலையைத் தச்சரிடம் கொடுத்தேன்.

தச்சருக்கு ஒரு வழக்கம். முடித்த வேலையின் இணைப்பில் நகத்தை ஓட்டிப் பார்ப்பார். நகம் தட்டினால் கூலி வாங்கமாட்டார். இங்கே நகமென்ன, விரலே உள்ளே போனது. மனிதருக்குப் பொறுக்கவில்லை. என்னிடம்கூடச் சொல்லாமல் நடுவில் ஒரு மரச்சட்டத்தை இறக்கி, பசை போட்டு, இழைத்துவிட்டார்.

மறுநாள் தலைவர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், பேசியபடி இல்லை என்று ஒன்றாக எழுந்து போனார்கள். முப்பது வருடத்தில் இரண்டு கரையும் சேர்ந்து எடுத்த முதல் முடிவு அதுதான்.

மேசையை ஆராய அரசாங்கம் கமிட்டி போட்டது. ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை பில் நிறுத்தம்.

தச்சர் மாதாமாதம் வருவார்.

"முதலாளி, மழை வருது. கூரைத் தகடு வாங்கணும்."

"பேச்சுவார்த்தை முடியட்டும்யா."

"எப்ப முடியும்?"

"அதத்தான் அரசாங்கமும் கேக்குது."

ஒருமுறை அவர் மனைவி வந்தாள். "ஏண்ணே, அவங்க சண்ட தீந்தாத்தான் எங்க வீடு ஒழுகாம இருக்கணுமா? இந்த மனுசனுக்கு மேசையில ஓட்டை இருந்தா தூக்கம் வராது. தலைக்கு மேல இருந்தா நல்லா குறட்டை விடுவாரு!"

டீ வரவழைத்துக் கொடுத்து அனுப்பினேன். என் செலவில்!

ஏழாம் வருடம் கமிட்டி அறிக்கை கொடுத்தது: சட்டத்தை அகற்றவும். இரு கரை ஆட்களும் பார்த்து நிற்க, தச்சர் மேசையைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

"எடுத்தா பலகை பிளந்துடும். வேணும்னா கோடு போட்டுத் தரேன்."

காதிலிருந்த பென்சிலை எடுத்து, இரண்டு விரல் தள்ளி இரண்டு கோடு இழுத்தார். இரு தரப்பும் டேப் வைத்து அளந்து திருப்திப்பட்டன. நான்கே மாதத்தில் கையெழுத்து.

என் பில் பணம் வந்தது, சட்டம் வைத்ததற்கு ஆறாயிரம் அபராதம் போக. அபராதம் என் தலையோடு போகட்டும் என்றேன். அதுதான் நான்.

"கோடு போட்ட கூலி, முதலாளி?" என்றார் தச்சர்.

"பென்சில் கோட்டுக்குக் கூலியா? ஈரத்துணி பட்டா போயிடும்யா."

"நாலு மாசமா யாரும் தொடைக்கலையே."

அவர் கையை நீட்டினார். நாற்பத்திரண்டாயிரத்தை எண்ணி உள்ளங்கையில் வைத்தேன். கை மூடவில்லை. மேலே ஒரு நூறு வைத்தேன். கோட்டுக்கு ஐம்பது வீதம்.