ருக்மணி பயந்து விலகவில்லை

"அம்மா போயிட்டாங்க பெரியம்மா" என்று ருக்மணியின் மகள் கவிதா தொலைபேசியில் சொன்னாள். கோவை ஆர்.எஸ்.புரத்துத் துக்க வீட்டுக்குப் போனபோது, அன்னூர்க்காரர் ஒருவரின் இதய அறுவை சிகிச்சைக்குப் பின் ருக்மணி பயந்துபோய் வேலையை விட்டதாகச் சிலர் பேசிக்கொண்டிருந்தார்கள். அது தவறு. அதன்பின்னும் பல ஆண்டுகள் இதய நுரையீரல் இயந்திரத்தை அவள்தான் இயக்கினாள். கண் மங்கி, இயந்திரக் கலத்தில் ரத்த மட்டம் கலங்கலாகத் தெரிந்த அன்று, யாரும் சொல்லாமலே விலகிக்கொண்டாள். அந்த அறுவை அரங்கின் தலைமைச் செவிலியாக இருந்தவள் நான்.

எல்லோருக்கும் 'ங்க' போடுவாள், இதயத்துக்கும்கூட. நிறுத்தி வைத்த இதயம் மறுபடி துடித்தால், "வாங்க, இனி உங்க பொறுப்புங்க" என்பாள். கான்வென்ட்டில் படித்த நான், அதற்கும் மரியாதையா என்று கேட்டேன். "உங்க கான்வென்ட்டுல மரியாதையக்கூட அளந்துதான் குடுப்பாங்களாக்கா?" என்றாள். நல்லவேளை, என் சிரிப்பை முகக்கவசம் மறைத்தது.

என் கணவர் இறந்தபோது வந்தவள் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "அழுகறதுன்னா அழுவுங்கக்கா. நான் கதவைச் சாத்திப்போட்டு வெளிய உக்காந்துக்கறேன்" என்றாள். நானே திறக்கும்வரை யாரையும் உள்ளே விடவில்லை.

இனி அன்னூர்க்காரர். அவருடைய இதயக் குழாய்கள் சுண்ணாம்பாக இறுகியிருந்ததால் வேலை நீண்டுகொண்டே போனது. மாற்றுக் குழாய்களை இணைத்து முடித்து, இயந்திரத்தின் ஓட்டத்தைக் குறைத்தபோது இதயம் சுமையை ஏற்கவில்லை. இரண்டாம் முறையும் ரத்த அழுத்தம் சரிந்தது. "இன்னொருக்கா பாத்தரலாம் ருக்மணி" என்றார் மருத்துவர்.

"இப்ப வேண்டாமுங்க டாக்டர். இதயம் களைச்சுப் போயிருக்குதுங்க. கொஞ்சம் மூச்சு வாங்கட்டுமுங்க."

அன்று உடனிருந்த வெளியூர்ப் பயிற்சி மருத்துவர்கள் இதைக் கெஞ்சல் என்று நினைத்துக்கொண்டார்கள். இந்த ஊரில் மறுப்பதும் இப்படித்தான். மருத்துவர் இந்த ஊர்க்காரர், அவருக்குப் புரிந்தது. கைகளை விலக்கிக்கொண்டு, "சரி, நீ சொல்றப்ப" என்றார். ருக்மணி ரத்தம் உறையாமலிருக்கிறதா என்று பார்த்து, உப்புகளைச் சரிசெய்து, பொறுமையாக இயந்திரத்தை ஓட்டினாள். மூன்றாம் முறை இதயம் சுமையை ஏற்றுத் தானாகவே துடித்தது.

அவர் சில நாள் கழித்துச் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். நெடுநேரம் இயந்திரத்தில் இருந்தது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம், மறைக்கவில்லை. ஆனால் அவசரப்பட்டிருந்தால் மேசையிலேயே போயிருப்பார். "மெஷின்லயே போட்டு வெச்சு கொன்னுபோட்டாங்க" என்று உறவினர்கள் கத்தினார்கள். நான் விளக்கிச் சொன்னேன், யாரும் கேட்கவில்லை. அவர்கள் காது கொடுத்திருக்கக்கூடிய ஒரே குரல் மருத்துவருடையது. அவர் பேசவில்லை. ருக்மணியும் கடைசிவரை அதைப்பற்றி வாய் திறக்கவில்லை.

துக்க வீட்டில் கவிதா என் கையைப் பிடித்து, "அம்மா பயந்துதான் விட்டாங்களா பெரியம்மா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். சிநேகிதிக்காகப் பரிந்து பேசுவதாக எடுத்துக்கொண்டாள் போலிருக்கிறது.

அவசரப்படுத்துகிறவர்களிடம் குரல் உயர்த்தாமல் 'பொறுங்க' என்று சொல்வதை அவளிடம் கற்றேன். அது என்னோடு இருக்கும். ஆனால் இந்த விஷயத்தில் இனியும் பொறுக்க எனக்கு வயதில்லை.

டாக்டர், இந்த அஞ்சலியை நீங்கள் வாசிப்பீர்கள். அன்று காத்திருக்கச் சொன்னது யார், ஒப்புக்கொண்டது யார் என்று கவிதாவுக்கு எழுதுங்கள். தொலைபேசி வேண்டாம். உங்கள் கையெழுத்தோடு பதில் வேண்டும்.